போலி வங்கி, உரிமம் பெறாத வங்கி: சொல் விளக்கம்

2020 ஜூலையில் பண்ருட்டியில் மூன்று பேர் கைதானார்கள். பாரத ஸ்டேட் வங்கியின் கிளை என்று சொல்லிக் கணினி, சலான், ரப்பர் ஸ்டாம்ப் சகிதம் ஓர் அலுவலகத்தையே தயார் செய்திருந்தார்கள். 2022 நவம்பரில், அம்பத்தூரைத் தலைமையிடமாக வைத்துப் பல மாவட்டங்களில் ‘கூட்டுறவு வங்கி’ நடத்திய கும்பலின் தலைவரைச் சென்னை மத்தியக் குற்றப்பிரிவு பிடித்தது. அவர்கள் தங்கள் பெயரிலேயே பாஸ்புக் அச்சிட்டிருந்தார்கள். புகார் கொடுத்தது ரிசர்வ் வங்கி.

இரண்டையும் நாம் ‘போலி வங்கி’ என்றே சொல்கிறோம். ஆனால் குற்றம் ஒன்றல்ல. பண்ருட்டியில் நடந்தது ஆள்மாறாட்டம்: இருக்கிற வங்கியின் வேடம் போட்டார்கள். அதற்குப் ‘போலி’ சரியான சொல். அம்பத்தூரில் நடந்தது, உரிமம் வாங்காமலே சொந்தமாக ஒரு வங்கி தொடங்கியது. இதற்குச் சிலர் ‘அங்கீகாரமற்ற வங்கி’ என்று எழுதுகிறார்கள். அங்கீகாரம் வடசொல், தன் அங்கமாக ஆக்கிக்கொள்வது, அதாவது ஏற்றுக்கொள்வது என்று பொருள். பள்ளிக்கும் கட்சிக்கும் அது பொருந்தும். வங்கிக்கு வேண்டியது ஏற்பு அல்ல, லைசென்ஸ். அதற்குத் தமிழ் ‘உரிமம்’. உரிமை என்ற சொல்லோடு ஒரே வேர். இலங்கை மத்திய வங்கி தன் தமிழ் அறிக்கைகளில் ‘உரிமம்பெற்ற வர்த்தக வங்கிகள்’ என்றே எழுதுகிறது. நாமும் ‘உரிமம் பெறாத வங்கி’ என்று எழுதலாம்.

சரி, ‘வங்கி’ எங்கிருந்து வந்தது? இத்தாலியில் நாணயம் மாற்றுபவர்கள் போட்டு உட்கார்ந்த பலகைக்கு ‘பாங்கோ’ என்று பெயர். அது ஆங்கிலத்தில் ‘பேங்க்’ ஆனது. நம் பெரியவர்கள் ‘பாங்கி’ என்றார்கள். பிறகு ‘வங்கி’ நிலைத்தது. கையில் அணியும் வங்கி என்ற பழைய நகைக்கும் இதற்கும் உறவில்லை. தனித்தமிழில் ‘வைப்பகம்’ உண்டு. அழகான சொல்தான், ஆனால் சேமிப்பை வைப்பதை மட்டும் சொல்கிறது, கடன் கொடுப்பதைச் சொல்லவில்லை. வங்கி என்பதே இருக்கட்டும் என்பது என் கருத்து.

இந்தியாவில் அந்தப் பெயருக்கே காவல் இருக்கிறது. 1949-ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 22-வது பிரிவு, ரிசர்வ் வங்கியின் உரிமம் இல்லாமல் எந்த நிறுவனமும் வங்கித் தொழில் செய்யக் கூடாது என்கிறது. 7-வது பிரிவு, வங்கி அல்லாதவர்கள் தொழிலுக்கு அந்தப் பெயரை வைக்கவே தடை போடுகிறது. இந்தத் தடையைக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கொண்டுவந்த 2020 திருத்தத்துக்குப் பிறகும் சில சங்கங்கள் ‘பேங்க்’ என்று போட்டுக்கொண்டிருந்ததால், 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி பொதுமக்களை எச்சரித்தது. அங்கே போடும் பணத்துக்கு வைப்புத்தொகைக் காப்பீடு கிடையாது; உரிமம் உள்ள வங்கியிலோ ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. பெயரைப் பார்த்துத்தானே ஜனங்கள் பணத்தைக் கட்டுகிறார்கள்? ரிட்டயர்மென்ட் பணத்தையும் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததையும் அந்த ஒரு சொல்லை நம்பிக் கொடுக்கிறவர்களை நினைத்தால், இந்தத் தடை இன்னும் கடுமையாக அமலாக வேண்டும் என்றே தோன்றுகிறது.

வழக்கு என்று வரும்போது ஏமாற்று, போலி ஆவணத் தயாரிப்பு போன்ற பிரிவுகள் முதலில் சேரும். அதற்கு மேல், ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019 சட்டம் இருக்கிறது: அப்படிப் பணம் வாங்கினாலே 2 முதல் 7 ஆண்டு வரை சிறை. தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் காக்கும் 1997 சட்டமும் உண்டு. பணத்தைத் திருப்பித் தராதவர்களின் சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, கட்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வழி செய்வது இதுதான். இதற்கான புகாரை மாவட்டப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் கொடுக்கலாம்; பாஸ்புக், ரசீது எதையும் அவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடாமல் கையோடு எடுத்துப் போங்கள்.