டிஆர்எம்: உரிமையா, பூட்டா?

சந்தா கட்டிப் பார்க்கும் படத்தில் ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பாருங்கள். பல செயலிகளில் சப்டைட்டில் வரி மட்டும் விழும்; படம் இருக்க வேண்டிய இடம் கறுப்பாக இருக்கும். அது டிஆர்எம் செய்யும் வேலை.

விரித்தால் ‘டிஜிட்டல் ரைட்ஸ் மேனேஜ்மென்ட்’. தமிழில் ‘எண்ணிம உரிமை மேலாண்மை’ என்கிறோம். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் யாருடைய உரிமை? பார்ப்பவருடையதோ என்று நினைக்க வைக்கிறது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன், நடுவில் இருக்கும் ‘ஆர்’ எழுத்துக்கு ‘ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’, அதாவது ‘கட்டுப்பாடு’ என்றே பொருள் சொல்வார்.

இதைப் பதிப்புரிமையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. (‘காப்புரிமை’ என்றும் எழுதுகிறார்கள், அதைப் பேட்டன்டுக்கு விட்டுவிடலாம்.) பிரிட்டனின் 1710ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அச்சுப் புத்தகங்களுக்காக வந்தது, அதனால் ‘பதிப்பு’ பொருத்தமாகவே ஒட்டிக்கொண்டது. வீடியோவுக்குச் சற்று உறுத்தினாலும் பழகிவிட்டது. இந்த உரிமைக்குக் காலவரம்பு உண்டு, விலக்குகளும் உண்டு: விமர்சனத்துக்காக ஒரு துண்டை எடுத்துக்காட்டலாம், வகுப்பில் காட்டலாம். டிஆர்எம்முக்கு இதெல்லாம் தெரியாது. வீடியோவைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கி, அந்தச் சாவியை அனுமதித்த கருவிக்கு மட்டும் கொடுக்கும், அவ்வளவுதான். கேட்பவர் ஆசிரியரா, கள்ளப்பிரதி போடுபவரா என்று பார்க்காது.

டிவிடியில் இருந்த பூட்டை 1999இலேயே உடைத்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய வட்டை லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினியில் போட்டுப் பார்க்க முடியாதவர்களுக்கு அதுதான் வழிவிட்டது. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, சில விலக்குகள் போக, பூட்டை உடைப்பதே தனிச் சட்டமீறல். இந்தியா 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு கொஞ்சம் இளக்கமானது: பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் குற்றம். சரி, சட்டம் விடுகிறது. சாவியை யார் தருவார்கள்?

அதனால் நான் ‘எண்ணிமப் பூட்டு’ என்றே எழுதுகிறேன். பூட்டு என்றால் கெட்டது என்று பொருளில்லை. இரண்டு நாள் வாடகைக்குத் தரும் படத்துக்குப் பூட்டு தேவைதான். இல்லாவிட்டால் வாடகைக்கு விடவே முடியாது. விலைக்கு விற்ற படத்திலும் அதே பூட்டைத் தொங்கவிடும்போதுதான் ‘இது யாருடைய பொருள்?’ என்ற கேள்வி வருகிறது. ‘மேலாண்மை’ என்று சொன்னால் அந்தக் கேள்வியே எழாது.

அப்புறம், கோப்புக்குள் வாங்கியவரின் அடையாளத்தை ஒளித்துவைக்கும் முறையையும் சிலர் டிஆர்எம் கணக்கில் சேர்க்கிறார்கள். அது நகலெடுப்பதைத் தடுக்காது. வெளியே கசிந்தால் யாரிடமிருந்து என்று காட்டிக்கொடுக்கும். அதற்கு ‘நீர்க்குறி’ என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது.