‘கே’யில் தேடாதீர்கள், ‘சி’யில் தேடுங்கள்

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்பு, திருமணப் பதிவுகளைப் படித்து மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். போன மாதம் ஒரு அம்மா பெயர் அட்டவணை நகல்களைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு வந்தார். கொள்ளுத்தாத்தா குப்புசாமி எங்கேயும் இல்லையாம்.

“எந்த எழுத்துல பார்த்தீங்கம்மா?”

“கேயிலதான்.”

அங்கேதான் சிக்கல். பிரெஞ்சு எழுத்தர் ‘கே’ பக்கம் அநேகமாகப் போகவே மாட்டார். ‘கு’ என்றால் அவருக்கு சி, ஓ, யூ. முருகனுக்கும் எம்முக்கு அடுத்து ஓ, யூ. ஊர்ப்பெயரும் இப்படித்தான்: உழவர்கரையை ‘ஓ’வில் தேட வேண்டும், வில்லியனூர் அவர்கள் ஏட்டில் ‘வில்லெனூர்’. ‘சி’யில் பார்த்தோம், கால் மணி நேரத்தில் தாத்தா கிடைத்துவிட்டார்.

அடுத்த குழப்பம் உடனே வந்தது. தாத்தாவின் கூடப்பிறந்த தம்பிக்கு முற்றிலும் வேறொரு பிரெஞ்சுக் குடும்பப் பெயர். “எழுத்தர் தப்பா எழுதிட்டார், அஃபிடவிட் போட்டுத் திருத்திடலாமா?” என்றார். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அது தப்பு இல்லை, 1881 செப்டம்பர் 21 ஆணையின் விளைவு. சாதி, மதம் சார்ந்த தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வர விரும்பிய இந்தியர், அதை எழுதிக் கொடுத்துவிட்டுத் தனக்கென ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இவர்களைத்தான் ‘ரெனோன்சான்’ என்கிறோம். இதில் முன்னணியில் நின்ற வக்கீல் பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்ட பெயர் லபோர்த்; பிரெஞ்சில் ‘கதவு’. 1873இல் ஐரோப்பியச் செருப்பு போட்டு நீதிமன்றத்துக்குள் போனதற்காகத் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடி வென்ற மனிதர் அவர்தான். அந்தப் பெயரை எடுக்க அவருக்குக் காரணம் இருந்திருக்கும்!

அண்ணன் துறக்காமல், தம்பி மட்டும் துறந்திருந்தால் பெயர்கள் பிரிந்துவிடும். ஒரே குடும்பப் பெயர் இருப்பதாலேயே இரண்டு பேர் பங்காளி ஆகிவிடவும் மாட்டார்கள்.

கடல் தாண்டிப் போனவர்கள் கதை இன்னும் வேறு. 1853இல் ‘ஒரேலி’ கப்பல் நம் ஆட்களோடு கரீபியக் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக் போய்ச் சேர்ந்தது, அடுத்த ஆண்டு பக்கத்துத் தீவான குவாதலூப். ஒப்பந்தக் கூலியாகப் போன வீராசாமிக்கு அங்கே ஒரு பெயர், ஒரு எண், அவ்வளவுதான். நம் ஊரில் அப்பா பெயர் இனிஷியலாகி, அடுத்த தலைமுறையில் கழன்றுவிடும். அங்கே அது குடும்பப் பெயராக உறைந்து, பேரப்பிள்ளைகள் எல்லாரும் வீராசாமி ஆனார்கள். ஆகவே அங்கிருந்து யாராவது “எங்கள் குலப்பெயர் வீராசாமி, உங்கள் ஊரில் அந்த வம்சம் எங்கே?” என்று கேட்டால், அப்படி ஒரு வம்சம் கிடையாது, ஒரே ஒரு ஆள்தான் என்று பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெண்களைத் தேடுவது உண்மையில் சுலபம். பிரெஞ்சுப் பதிவில் கல்யாணமானாலும் இறந்தாலும் பிறந்த வீட்டுப் பெயர்தான். கணவர் பெயரில் தேடித்தான் பல பேர் பாட்டியைத் தொலைக்கிறார்கள். அப்புறம், முன்னோர் ஐரோப்பியச் சிப்பாய் என்றால் பெயருக்கு நடுவில் ‘தி’ (dit) என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் பத்திரத்தில் வரும் ‘என்கிற’தான் அது. படையில் வைத்த பட்டப்பெயர், ‘லா ஃப்ளேர்’, அதாவது பூ, என்பது போல. கனடாவின் பிரெஞ்சுக் குடும்பங்களில் ஒரு பிள்ளை அசல் பெயரையும் இன்னொரு பிள்ளை பட்டப்பெயரையும் வைத்துக்கொண்டது சர்வ சாதாரணம்.

பதிவேடு இங்கே கிழிந்திருந்தால் மனம் தளர வேண்டாம். குடியேற்றங்களின் பதிவுகளுக்கு ஒரு நகல் பிரான்சுக்கு அனுப்ப வேண்டும் என்று 1776இலேயே அரசாணை உண்டு. எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில் உள்ள கடல்கடந்த ஆவணக்காப்பகம் நிறையப் பக்கங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தாத்தா பெயர் கிடைத்தால் போதும், பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்துவிடும் என்று பணம் கேட்கும் தரகரிடம் மட்டும் ஏமாறாதீர்கள். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962 ஆகஸ்ட் 16க்குப் பிறகு, ஆறு மாத அவகாசத்தில் யார் எந்தக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள் என்பது வரை பார்க்க வேண்டிய விவகாரம் அது.

அட்டவணையோடு நிறுத்திவிடாமல் மூலப் பக்கத்தையும் பாருங்கள். அந்த அம்மாவுக்குக் கிடைத்த பதிவுப் பக்கத்தில் தேதிகூட எண்ணில் இல்லை, எல்லாம் சாய்ந்த பிரெஞ்சு எழுத்து. அடியில் மட்டும், நடுங்கிய கோட்டில், பிள்ளையின் தகப்பனாராகக் குப்புசாமி தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தார். இத்தனை நாளும் வீட்டில் ‘குப்புசாமி மகன்’ என்று சொல்லி வந்தவர்கள், அவர் ‘குப்பசாமி’ என்று எழுதியதை அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.