சுவரே இல்லாமல் முட்டிக்கொள்ளும் ரோபோ

எதிரே ஒன்றுமே இல்லை. ஆனாலும் ரோபோ வண்டி சட்டென்று நின்று, பின்வாங்கித் திரும்புகிறது. திரையில் தூரம் 0. சென்சாரைக் குப்பையில் போடுமுன் அந்த 0 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

இத்தகைய வண்டிகளில் பரவலாக இருப்பது HC-SR04 என்ற மீயொலி சென்சார்; காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பித் தூரத்தை அளப்பது. முன்னால் துருத்தியிருக்கும் இரண்டு கண்களில் ஒன்று உண்மையில் வாய், மற்றது காது. டிரிகர் முனையில் 10 மைக்ரோ விநாடித் துடிப்பு விழுந்ததும், வாய் 40 கிலோஹெர்ட்ஸில் எட்டு அலைகளை அனுப்புகிறது. எக்கோ முனையில் மின்னழுத்தம் எழுந்து, எதிரொலி வந்ததும் விழுகிறது. அது எழுந்து நின்ற நேரம்தான் நமக்குக் கிடைக்கும் அளவு. போய்த் திரும்பும் ஒலிக்கு ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் சுமார் 58 மைக்ரோ விநாடி ஆகும். 1,160 வந்தால் 20 செ.மீ.

வண்டியை இயக்கும் சிறு கணினிப் பலகையான ஆர்டுயினோவில், இந்த நேரத்தை அளப்பது பல்ஸ்இன் (pulseIn) கட்டளை. குறித்த கெடுவுக்குள் எக்கோ முனையின் துடிப்பு முடியாவிட்டால் அது 0 தருகிறது. 'எதிரொலி கேட்கவில்லை' என்பதே அதன் பொருள். நிரலோ அதை 'மூக்குக்கு நேரே சுவர்' என்று படித்துவிடுகிறது! நிரலில் 0-ஐத் தனியாகப் பிரித்துக் கையாண்டாலே பாதித் தொல்லை தீரும்.

எதிரொலி ஏன் வரவில்லை? திரைச்சீலையும் மெத்தையும் ஒலியை விழுங்கிவிடும். சாய்ந்த பரப்பு வேறு பக்கம் தள்ளிவிடும். எனவே கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை 30 செ.மீ. தள்ளி நேராக நிறுத்தி அளந்து பாருங்கள். அங்கே சரியாகக் காட்டினால் சென்சார்மேல் பழியில்லை.

அடுத்து, சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்து மோட்டாரை ஓட்டுங்கள். மோட்டார் கிளம்பும்போது மட்டும் எண்கள் துள்ளினால் முதலில் மின்சாரத்தைச் சந்தேகிக்க வேண்டும். மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் மின்னோட்டத்தால் சென்சாருக்கு வரும் 5 வோல்ட் சரிகிறது. மோட்டாருக்குத் தனி பேட்டரி வைத்தால் சரியாகிவிடும். ஆனால் இரண்டு மின்வழிகளின் கிரவுண்டையும் (எதிர்முனை) இணைக்க மறந்தால் குழப்பம் இன்னும் கூடும். மின்னழுத்தத்தைப் போர்டில் அளப்பதைவிட சென்சாரின் கால்களிலேயே அளப்பது நல்லது.

நானே ஒருமுறை இரண்டு சென்சார்களை மாற்றிய பிறகுதான், சென்சாரை ஆர்டுயினோவுடன் இணைக்கும் ஜம்பர் வயர் உறைக்குள்ளேயே அறுந்திருந்ததைக் கண்டேன். வெளியே பார்க்கப் புத்தம் புதிது. எண்களைப் பார்த்தபடியே ஒவ்வொரு வயரையும் மெல்ல அசைத்தபோதுதான் குட்டு உடைந்தது.

இன்னும் சந்தேகமா? சென்சாரைக் காதருகே பிடியுங்கள். 40 கிலோஹெர்ட்ஸ் நமக்குக் கேட்காது. ஆனால் ஒவ்வொரு முறை அலை கிளம்பும்போதும் மெல்லிய 'டிக்' கேட்கும். கேட்டால், வாய் வேலை செய்கிறது.