ஆஸ்பத்திரியில் ஊற்றிய தண்ணீரை மறைக்காதீர்கள்

போன மாதம் ஒரு பையன், நான் உபதேசியாராக இருக்கும் எங்கள் கத்தோலிக்கக் கோயில் அலுவலகத்துக்கு வந்தான். ஓசூரில் கம்பெனி வேலை, இருபத்தொன்பது வயது. கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, வரும் ஞாயிறு கோயிலில் முதல் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்க வேண்டும். "ஞானஸ்நான சர்டிபிகேட் மட்டும் கொடுத்துடுங்க உபதேசியாரே, மத்தியானம் ஷிஃப்ட் இருக்கு" என்றான்.

ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்தேன். அவன் பிறந்த வருஷத்தில் பெயர் இல்லை. முன்னால் ஒரு வருஷம், பின்னால் மூன்று வருஷம் புரட்டினேன். தங்கச்சி பெயர் இருக்கிறது, அவன் பெயர் இல்லை. அம்மாவுக்குப் போன் போட்டான். சுற்றி வளைத்து அரைமணி நேரம் கழித்து விஷயம் வந்தது. ஏழாம் மாதமே பிறந்த பிள்ளை. சேலத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். தங்காது என்று சொன்ன ராத்திரி, அவனுடைய பாட்டி ஒரு ஸ்பூன் தண்ணீரை நெற்றியில் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். பிள்ளை தங்கிவிட்டது. "அது சும்மா அவசரத்துக்குக் கொடுத்தது, ஊருக்குப் போய் முழுசாகக் கொடுத்துக்கலாம்" என்று விட்டார்கள். அப்புறம் பெங்களூரில் கட்டட வேலை, குடும்பத்தோடு போய்விட்டார்கள். அங்கே நாலாவது படிக்கும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று புதுநன்மையும் (முதல் தடவை வாங்கும் நற்கருணை அப்பம்) வாங்கிவிட்டான். யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

இந்த ஒரு வருஷத்தில் இப்படி வந்தது இது நான்காவது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த "சும்மா அவசரத்துக்கு" என்ற பேச்சுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்புகிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்தது அரை ஞானஸ்நானம், கோயிலில் சாமி (குருவானவர்) கொடுப்பதுதான் முழு ஞானஸ்நானம் என்று நம் ஊர்களில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். அரை என்று ஒன்று கிடையாது. ஞானஸ்நானத்தைத்தான் இன்றைய தமிழில் திருமுழுக்கு என்கிறோம். உண்மையான தண்ணீர் தலையில் ஓடியிருக்க வேண்டும். ஊற்றியவரே அந்த நேரத்தில் "நான் தந்தை, மகன், தூய ஆவியார் பெயராலே உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். திருச்சபை எதைச் செய்கிறதோ அதையே செய்கிறேன் என்ற எண்ணம் இருந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அது முழுத் திருமுழுக்கு. உயிருக்கு ஆபத்து என்றால் யாரும் கொடுக்கலாம். பாட்டி கொடுக்கலாம், நர்ஸ் கொடுக்கலாம், ஞானஸ்நானமே வாங்காத பக்கத்துப் படுக்கைக்காரர் கூடக் கொடுக்கலாம். திருச்சபைச் சட்டத்தின் 861ஆம் எண் இதைச் சொல்கிறது. பழைய தமிழில் "பிதா, சுதன், பரிசுத்த ஆவி" என்று சொன்னாலும் அதேதான்.

கொடுத்தது செல்லும் என்றால் திரும்பக் கொடுக்க முடியாது. கூடாது என்பது இருக்கட்டும், முடியவே முடியாது. திருமுழுக்கு, உறுதிபூசுதல் (எண்ணெய் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்துவது), குருத்துவம் (குருப்பட்டம்) இந்த மூன்றும் அழியாத முத்திரை பதிப்பவை, வாழ்க்கையில் ஒரே தரம்தான். இரண்டாவது தரம் ஊற்றினால் வெறும் தண்ணீர்தான் ஓடும். எத்தனை வீடுகளில் இதை மறைத்து, பந்தல் போட்டு, பிரியாணி போட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்! கேட்டால், "ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னால் சாமி தண்ணி ஊத்த மாட்டாரே, போட்டோ எப்படி எடுக்கிறது" என்கிறார்கள். ஆமாம், ஊற்ற மாட்டார். ஆனால் விட்டுப்போன சடங்குகள் எல்லாவற்றையும் செய்வார். ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்ற குழந்தையைக் கோயிலில் வரவேற்க என்றே தனிச் சடங்குமுறை இருக்கிறது. கிறிஸ்மா என்ற புனித எண்ணெய் பூசுவார், வெள்ளை உடை போடுவார், மெழுகுதிரி ஏற்றிக் கொடுப்பார். போட்டோவும் எடுக்கலாம், பிரியாணியும் போடலாம்.

கொடுத்தது செல்லுமா செல்லாதா என்று விசாரித்த பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால் மட்டும், "நீ திருமுழுக்குப் பெறாதிருந்தால்" என்ற நிபந்தனையோடு கொடுக்கலாம். அதை முடிவு செய்வது சாமியார். பெரியம்மா அல்ல.

இதே கோளாறு கல்யாணத்திலும் வருகிறது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பெண்ணைக் கட்டுகிறவர்கள், "பெண்ணுக்கு நம்ம கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்துடுங்க" என்று வருகிறார்கள். தண்ணீரும், தந்தை, மகன், தூய ஆவி என்ற திரித்துவத்தின் பெயரும் இருந்திருந்தால் அந்தப் பெண் ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றவள். கத்தோலிக்கத்துக்கு வர விரும்பினால் அதற்கு வேறு வழி இருக்கிறது, தண்ணீர் தேவையில்லை. சின்னச் சின்ன ஜெபவீடுகளில் சிலர் "இயேசுவின் பெயரால்" என்று மட்டும் சொல்லிக் கொடுப்பதுண்டு. அதை மறைக்காமல் சொல்லுங்கள், விசாரிக்க வேண்டிய விஷயம்.

வார்த்தை மாறினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: "நான்" என்பதற்குப் பதிலாக "நாங்கள் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறோம்" என்று சொன்னால் செல்லாது என்று ரோமாபுரி (வாட்டிகன்) 2020இல் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் மறைமாவட்டத்தில் (ஒரு பிஷப்பின் ஆளுகைப் பகுதி) ஒரு குருவானவர் பல வருஷங்களாக அப்படிச் சொல்லி வந்தது தெரிந்து, 2022இல் ஆயிரக்கணக்கானவர்களைத் தேட வேண்டியதாயிற்று. நம் பாட்டிமார் அந்தத் தப்பைச் செய்வதில்லை. செய்ததைச் சொல்லாமல் விடுவதுதான் அவர்கள் தப்பு.

கர்ப்பமாக இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. அவசரத்துக்குக் கொடுக்க நேர்ந்தால் குழாய்த் தண்ணீர் போதும், லூர்து தண்ணீர் தேடி அலையாதீர்கள். பன்னீர், பால் ஆகாது. ஈர விரலால் சிலுவை போடுவது போதாது, நாலு சொட்டாவது தலையில் ஓட வேண்டும். ஒருவர் ஊற்றி இன்னொருவர் சொல்லக் கூடாது. பெயர் வைக்கவில்லையா, பரவாயில்லை. டாக்டர், நர்ஸைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள், கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் குழந்தை. முடிந்ததும் தேதி, இடம், ஊற்றியவர் பெயர், பக்கத்தில் இருந்தவர் பெயர், நான்கையும் ஒரு காகிதத்தில் எழுதி, அந்த வாரமே பங்குச் சாமியாருக்கு (உங்கள் ஊர்க் கோயில் குருவானவருக்கு) சொல்லுங்கள்.

குழந்தை முன்பே போய்விட்டிருந்தால் ஊற்ற வேண்டாம். திருமுழுக்கு போன்ற அருள்சாதனங்கள் உயிரோடு இருப்பவர்களுக்கு. அதற்காக அழுதுகொண்டே வந்து "பாவம் பண்ணிட்டோமா" என்று கேட்கும் தாய்மாரே, இல்லை அம்மா. அப்படிப்பட்ட பிள்ளைகளைத் திருச்சபை கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. ஆயர் (பிஷப்) அனுமதியோடு கோயில் முறைப்படி அடக்கமும் உண்டு. தயவுசெய்து தனியாகப் புதைத்துவிட்டு ஒளிந்துகொள்ளாதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள்.

சரி, திருமுழுக்கோடு முடிந்ததா? திருச்சபைக்குள் நுழைய வைக்கும் புகுமுக அருள்சாதனங்கள் மூன்று: திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை. பெரியவர்களாகி விசுவாசத்துக்கு வருகிறவர்கள் வழக்கமாக பாஸ்கா இரவில் (ஈஸ்டருக்கு முந்தைய இரவு) மூன்றையும் ஒன்றாகவே வாங்குகிறார்கள். நம் பிள்ளைகளுக்குத்தான் இடைவெளி. 1910இல் போப்பாண்டவர் பத்தாம் பயஸ், விவரம் தெரியும் வயதான ஏழு வயது வாக்கிலேயே நற்கருணை கொடுக்கலாம் என்றார். அதிலிருந்து புதுநன்மை முன்னால் வந்துவிட்டது, உறுதிபூசுதல் பின்னால் போய்விட்டது. நம் ஊரில் பின்னால் போனது காணாமலும் போய்விட்டது. அதைக் கொடுக்க ஆயர் பங்குக்கு வரும் வருஷம் பிள்ளை விடுதியில் இருக்கும், அல்லது அப்பா பெங்களூரில் இருப்பார். பிள்ளையின் விசுவாசத்துக்குப் பொறுப்பேற்று ஞானத்தந்தையாக நிற்க வருகிற மாமாக்களில் எத்தனை பேர் உறுதிபூசுதல் வாங்கவில்லை தெரியுமா? ஞானப்பெற்றோருக்கு வழக்கமாகப் பதினாறு வயது நிறைந்திருக்க வேண்டும், உறுதிபூசுதலும் நற்கருணையும் வாங்கியிருக்க வேண்டும். தங்கச் சங்கிலி போடுவாரா என்று சட்டம் கேட்கவில்லை.

ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. அங்கே மலையாளிக் குடும்பங்கள் நிறைய, 2017இல் அவர்களுக்கென்று சீரோ மலபார் (கேரளத்துக் கீழை வழிபாட்டு முறைக் கத்தோலிக்கர்) மறைமாவட்டமே வந்துவிட்டது. அவர்கள் பெரும்பாலும் கைக்குழந்தைக்கே திருமுழுக்கோடு உறுதிபூசுதலும் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பிள்ளையை நம் உறுதிபூசுதல் வகுப்பில் உட்கார வைக்கும் முன் சான்றிதழைப் பாருங்கள். இதுவும் ஒரே தரம்தான்.

பதிவேடு தேடுபவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். தருமபுரி மறைமாவட்டம் 1997இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது, கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல்தான் வந்தது. அதற்கு முந்தைய தாளில் சேலம் மறைமாவட்டம், தருமபுரி மாவட்டம் என்றுதான் இருக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்து எலத்தகிரிக்காரர் ஒருவர் இது தன்னுடைய சான்றிதழே இல்லை என்று என்னிடம் சண்டை போட்டார்.

அந்தப் பையன் கதைக்கு வருகிறேன். பாட்டி உயிரோடு இருந்ததால் தப்பித்தோம். பார்த்த, நம்பத்தக்க ஒருவர் சொன்னாலே திருமுழுக்குக்குச் சாட்சி போதும். இவர் ஊற்றியவரே. ஆட்டோவில் அழைத்து வந்தார்கள். சாமி கேட்டார், தண்ணி ஓடிச்சா பாட்டி? "காது வரைக்கும் ஓடிச்சு சாமி, அந்த நர்ஸம்மா துடைச்சு விட்டுச்சு." என்ன சொன்னீங்க? அப்படியே சொன்னார், பிதா, சுதன், பரிசுத்த ஆவி, ஒரு எழுத்து பிசகவில்லை. எழுதிக் கைநாட்டு வாங்கினோம். அதைப் பார்த்து, இருபத்தொன்பது வருஷம் கழித்து அவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றினேன்.

ஒரு ஞாயிறு தள்ளி ஓலை வாசித்தார்கள். உறுதிபூசுதல் வாங்கவில்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. முடிந்தவரை கல்யாணத்துக்கு முன்பே வாங்க வேண்டும் என்பது சட்டம். ஆயர் அலுவலகத்துக்குக் கடிதம் போயிருக்கிறது, தேதிக்குக் காத்திருக்கிறோம். ஞானத்தந்தையாக மாமாவைக் கூட்டி வருகிறேன் என்றான். மாமா வாங்கியிருக்கிறாரா என்று முதலில் கேட்டுவிட்டு வா என்று அனுப்பினேன்.