ஊரே கொண்டாடும் புத்தகம் நமக்கு மட்டும் ஏன் ஏறுவதில்லை?

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில், மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் சிலர் கூடிப் புத்தகம் பேசுவோம். பத்துப் பேர் வந்தால் அதிகம். கீழே கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் பேசுகிறவர் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். போன முறை பேச எடுத்தது பொன்னியின் செல்வன். ஆளாளுக்குப் பிடித்த இடத்தைச் சொல்லிச் சொல்லி முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. ராயபுரத்தில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் மட்டும் வாய் திறக்கவில்லை. என்னிடம் வாங்கிப் போன முதல் பாகம் அவர் மடியில் இருந்தது. பக்கத்துக்கு அடையாளமாக ஒரு அளவுச் சீட்டைச் செருகியிருந்தார்.

"நீங்க சொல்லுங்கக்கா" என்றேன்.

"எனக்கு ஏறவே இல்ல தம்பி. மூணு வாட்டி எடுத்துட்டேன், மூணு வாட்டியும் அதே எடத்துல நின்னுட்டேன். எல்லாரும் இவ்ளோ சொல்றாங்க, நமக்குத்தான் மண்டையில ஒண்ணும் இல்லியோன்னு..."

அவர் முடிப்பதற்குள் எதிரே இருந்த கல்லூரிப் பையன், "எனக்கும் ரெண்டாம் பாகத்தோட போதும்னு ஆயிடுச்சுக்கா" என்றான். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் சிரித்துக்கொண்டே, தான் அதை முழுசாகப் படித்ததே இல்லை என்றார். அதுவரை மூன்று பேரும் எங்களோடு சேர்ந்து தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

எனக்கு அந்த நாவல் உயிர். இருந்தாலும், அக்கா பாதியில் விட்ட அந்த வாக்கியம் வீடு வரைக்கும் கூடவே வந்தது. இருபது வருடமாகத் தனியாகக் கடை நடத்துகிறவர், ஒரு புத்தகம் பிடிக்கவில்லை என்பதற்காகத் தன் மண்டையைச் சந்தேகப்படுகிறார். பிடிப்பதும் பிடிக்காமல் போவதும் நமக்குள் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் யாரும் அப்படிச் சந்தேகப்பட வேண்டியதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தலையாட்டல். 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார். ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் நீளம் என்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். அவர்கள் குறிப்பிட்ட சுற்றுகளில் வேண்டுமென்றே ஒரே தவறான பதிலைச் சொல்வார்கள். அந்தச் சுற்றுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான பதில்கள் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகப் போயின. நான்கில் மூன்று பேர் ஒரு முறையாவது கண்ணால் பார்த்ததை விட்டுக்கொடுத்தார்கள். வெறும் கோட்டுக்கே இந்த நிலை என்றால் நாவலுக்குக் கேட்கவே வேண்டாம். நாவலை அளந்து பார்க்க ஸ்கேல்கூடக் கிடையாது.

அதே சோதனையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் வேறு. கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் மாற்றிச் சொன்னால் போதும், தவறாக ஒத்துப்போவது ஏறக்குறைய கால் பங்காகக் குறைந்துவிட்டது. மொட்டை மாடியில் அன்றைக்கு நடந்ததும் இதுதான். அக்கா சொன்னார், பையன் சொன்னான், பெரியவரும் சொல்லிவிட்டார். மனசுக்குள் வேறு நினைத்துக்கொண்டு, 'மற்றவர்கள் எல்லோரும் உண்மையிலேயே ரசிக்கிறார்கள், நமக்குத்தான் இப்படி' என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நம்புவதை சமூக உளவியலாளர்கள் 1930-களிலிருந்தே கவனித்து எழுதியிருக்கிறார்கள். 'எல்லோருக்கும் பிடிக்கும்' என்ற பேச்சில் ஒரு பகுதி, இப்படி யாரும் முதலில் வாய் திறக்காததால் நிற்கிறது.

இந்த வித்தியாசம் மூளைக்கு உறுத்தவும் செய்கிறது. 2009-ல் நெதர்லாந்தில் ஆய்வாளர்கள் சிலரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து முகப் படங்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். போட்டு முடித்ததும் மற்றவர்கள் போட்டது என்று ஒரு எண்ணைக் காட்டினார்கள். இரண்டும் ஒத்துப்போகாதபோது, நாம் ஒரு தப்புச் செய்துவிட்டால் மூளையில் எழும் சமிக்ஞைக்கு இணையான ஒன்று எழுந்தது. அது பலமாக எழுந்தவர்கள் பிற்பாடு தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டத்தின் பக்கம் நகர்த்தினார்கள். ரசனையில் சரி, தவறு கிடையாது என்று நாம் வாயால் சொல்கிறோம். மூளையோ, மாறுபட்டதையே பிழைக் கணக்கில் எழுதிக்கொள்கிறது. 'மண்டையில ஒண்ணும் இல்லியோ' என்ற நினைப்பு வருவது இதனாலாக இருக்கலாம்.

சரி, பிடிக்காமல் போவது எங்கே தொடங்குகிறது? பெரும்பாலும் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது.

கோயம்புத்தூரிலிருந்து வந்த என் மைத்துனரை பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ சாப்பிடக் கூட்டிப் போனேன். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் அது. பூண்டு எண்ணெய், புளித் தண்ணீர், நொறுக்கிய தட்டை எல்லாம் போட்டுக் கையாலேயே கலந்து தருவார்கள். வண்டியில் போகும்போதே அரை மணி நேரம் அதன் பெருமையைப் பேசிவிட்டேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குங்க மாப்ள" என்றார். அந்த 'தான்' எனக்குப் புரிந்தது. யாரும் சொல்லாமல் அவராகவே அந்தக் கடையைக் கண்டுபிடித்திருந்தால் இரண்டாவது தட்டு கேட்டிருப்பார்.

வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் 1990-களில் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வு இதற்கு விளக்கம் தருகிறது. எதிர்பாராமல் ஒரு சொட்டு பழச்சாறு கிடைத்தால் குரங்கின் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் துடித்து எழுந்தன. ஒரு அடையாளம் காட்டி அதன் பின்னால் சாறு கொடுத்துப் பழக்கியதும், துடிப்பு அடையாளத்துக்கு மாறிக்கொண்டது; சாறு வந்தபோது செல்கள் அசையவில்லை. அடையாளம் வந்து சாறு வராமல் போனால் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. அதாவது அந்தச் செல்கள் கணக்கு வைப்பது கிடைத்ததை மட்டும் வைத்து அல்ல. கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் இடையே உள்ள தூரத்தை வைத்துத்தான். சாறிலிருந்து நாவலுக்குத் தாவுவது பெரிய தாவல்தான், தெரிந்தே சொல்கிறேன். ஆனாலும் 'தமிழிலேயே இதுபோல் ஒன்று இல்லை' என்று கேட்டுக்கேட்டு வளர்ந்தவர் கையில் புத்தகம் வரும்போது, மகிழ்ச்சியில் ஒரு பங்கு ஏற்கெனவே செலவாகியிருக்கிறது.

புத்தகங்களை வைத்தே பார்த்த ஆய்வும் உண்டு. பெரிய இலக்கியப் பரிசு வென்ற ஆங்கில நூல்களையும், இறுதிப் பட்டியல் வரை வந்து பரிசைத் தவறவிட்ட நூல்களையும் எடுத்துக்கொண்டு, குட்ரீட்ஸ் தளத்தில் வாசகர்கள் எழுதிய 38,000-க்கும் மேற்பட்ட மதிப்புரைகளை இரண்டு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். 2014-ல் வெளிவந்த முடிவு இது: பரிசு அறிவித்த பிறகு, வென்ற நூல்களின் வாசகர் மதிப்பெண் இறங்கியது. பரிசு வந்ததும் எதிர்பார்ப்பு ஏறுகிறது. அதோடு, சாதாரணமாக அந்த வகை நூல் பக்கமே போகாதவர்களும் பேருக்காக வாங்கிப் படிக்கிறார்கள். எழுத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. படிக்கிற கைகள் மாறிவிட்டன.

அடுத்து, இந்த விஷயத்தில் நான் முக்கியமாக நினைப்பது. வாசிப்பு என்றால் கண் வழியே சொல் உள்ளே போவது என்று நினைக்கிறோம். சொல் பாதிதான் கொண்டுவருகிறது, மீதியை நாம் போட வேண்டும். 1972-ல் ஜான் பிரான்ஸ்ஃபோர்ட், மார்சியா ஜான்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சின்னப் பத்தியைப் படித்துக் காட்டினார்கள். பொருட்களைப் பிரித்துக் குவியலாக வைக்க வேண்டும், ஒரே நேரத்தில் அதிகம் செய்யக் கூடாது, தவறினால் செலவாகும் என்று போகும். கேட்டவர்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. 'இது துணி துவைப்பது பற்றி' என்று முன்னாலேயே சொல்லப்பட்டவர்களுக்கு எல்லாமே புரிந்தது, நினைவிலும் நின்றது. படித்து முடித்த பிறகு தலைப்பைச் சொன்னால் பயன் இல்லை. 1988-ல் வந்த இன்னொரு ஆய்வில், வாசிப்பில் பின்தங்கிய ஆனால் பேஸ்பால் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள், பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியில், நன்றாக வாசிக்கிற ஆனால் ஆட்டம் தெரியாத பிள்ளைகளை மிஞ்சினார்கள்.

நம் பக்கத்தில் இதற்கு கேரம் இருக்கிறது. 'ரெட்டைப் போட்டான், ஃபாலோ விழவில்லை, ரெட் திரும்ப நடுவில் வந்து உட்கார்ந்தது.' வியாசர்பாடியில் பத்து வயதுப் பையன் இதைப் படித்தால் போர்டும் பவுடரும் ஆடுகிறவன் முகமும் சேர்த்தே தெரியும். கேரம் ஆடாத பேராசிரியருக்கு அது வெறும் மூன்று வாக்கியத் துண்டு.

அன்றைக்கு அக்கா புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அளவுச் சீட்டு உள்ளேயே இருந்துவிட்டது. தேவைப்படுமே என்று மறுநாள் கடைக்கு எடுத்துப் போனேன். பேர் இல்லை, வெறும் எண்கள்: 36, 32, 14, 10, 13, 7, 9. அந்த ஏழையும் பார்க்காமல் திரும்பச் சொல்ல என்னால் முடியவில்லை. அக்கா தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தார். "இது அந்த நர்ஸம்மாது. முப்பத்தாறு ஒடம்புக்குப் பதிமூணு கை லூசு கேக்கறது அவங்க ஒருத்தங்கதான்."

எனக்கு ஏழு எண்கள், அவருக்கு ஒரு ஆள். ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைத்து வேலை செய்யக்கூடிய புதிய விஷயங்கள் சுமார் நான்கு என்று நெல்சன் கோவன் என்ற உளவியலாளர் 2001-ல் கணக்குச் சொன்னார். ஆனால் தெரிந்த விஷயங்களை மூட்டை கட்டி ஒன்றாக்கிவிட்டால் ஒரு மூட்டை ஒரே இடத்தைத்தான் அடைக்கும். சதுரங்க வல்லுநர்கள் ஆட்டத்தில் உள்ள காய்களை ஒரு பார்வையில் நினைவில் வைப்பதும், கண்டபடி இறைத்த காய்களை வைத்தால் தடுமாறுவதும் இதனால்தான். அக்காவின் மண்டை நான் பொறாமைப்படும் அளவுக்கு மூட்டை கட்டுகிறது. சோழர் கதையின் மூட்டைகள் மட்டும் அவருக்கு யாரும் கட்டித் தரவில்லை. எனக்கு என் அம்மா இரவுச் சாப்பாட்டின்போது கட்டித் தந்திருந்தார்.

அந்த நாவல் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரம் ஒரு தவணையாக வந்தது, மணியத்தின் படங்களோடு. ஒரு பேர் வந்தால் அதைப் பற்றி ஒரு வாரம் பேச நேரம் இருந்தது, முகமும் படத்தில் இருந்தது. விட்டுவிட்டுத் திரும்பப் பார்த்தால் நினைவில் நிற்கும் என்று எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-லேயே காட்டிவிட்டார். அந்தக் கால வாசகர்களுக்கு அந்த இடைவெளி தானாகக் கிடைத்தது. இன்று ஐந்து பாகத்தையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்து 'லீவில் முடிச்சிடு' என்கிறோம். இது என் கணிப்புதான், ஆனால் நம்பித்தான் சொல்கிறேன்: நாம் கொடுக்கிற விதத்திலேயே பாதிப் பேரை அந்தப் புத்தகத்திலிருந்து விரட்டுகிறோம்.

புகழ் எப்படிச் சேர்கிறது என்பதையும் ஒரு கை பார்த்துவிடலாம். 2006-ல் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 14,000-க்கும் அதிகமானவர்களுக்கு யாரும் கேட்டிராத 48 பாடல்களைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு மற்றவர்கள் எதை டவுன்லோட் செய்தார்கள் என்று காட்டவில்லை. மற்றவர்களை எட்டுத் தனி உலகங்களாகப் பிரித்து, அவரவர் உலகத்துக் கணக்கை மட்டும் காட்டினார்கள். மிக நல்ல பாடல்கள் அடிமட்டத்துக்குப் போனது அரிது, மிக மோசமானவை உச்சிக்கு வந்ததும் அரிது. நடுவில் இருந்தவற்றுக்கோ எதுவும் நடந்தது. ஒரு உலகத்தில் கொடிகட்டிய பாடல் இன்னொன்றில் சீண்டுவாரில்லாமல் கிடந்தது. தொடக்கத்தில் விழுந்த சில கைத்தட்டல்கள் மேலும் கைத்தட்டலைக் கூட்டிவந்தன. ஆக, காலம் கடந்து நிற்கும் நூலில் சரக்கு இல்லாமல் இருக்காது. அதே நேரம் அதன் உயரம் முழுவதும் சரக்கால் வந்ததும் இல்லை. பிடிக்காதவர்கள் 'குப்பை' என்று தூக்கிப்போடுவதை நான் ஏற்பதில்லை. நூலில் சரக்கு உண்டு என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். பிடித்தவர்கள் அடுத்தவரை முட்டாளாக்குவது அதைவிட மோசம்.

அக்கா கொடுத்த முதல் பாகத்தைச் சீட்டு இருந்த இடத்தில் திறந்து பார்த்தேன். கடம்பூர் மாளிகையில் சிற்றரசர்கள் கூடும் கட்டம். பழுவேட்டரையரில் தொடங்கி ஒருவர் பின் ஒருவராகப் பெயர்கள் வருகின்றன, பட்டப் பெயர்களோடு. இத்தனை வருடத்தில் எத்தனை முறை படித்திருப்பேன், அங்கே அத்தனை பெயர்கள் இருப்பதை நான் கவனித்ததே இல்லை. பீச்சிலிருந்து ரயில் ஏறினால் ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று ஸ்டேஷன்கள் வருமே, அதுபோலத் தாண்டிப் போயிருக்கிறேன்.

அடுத்த தடவை பார்த்தபோது அக்காவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.

"ஆமா, இங்கதான். இந்த ஆளுங்க எல்லாம் யாரு எவருன்னே தெரியல தம்பி" என்று விரல் வைத்தார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, பழுவேட்டரையர் யார், சம்புவரையர் யார் என்று சொல்ல ஆரம்பித்தேன். மேசையில் கிடந்த மார்க்கிங் சாக்கை எடுத்து அவர் ஒரு துண்டு லைனிங் துணியில் எழுதிக்கொண்டார்.