டென்வரில் பந்து ஏன் வளைய மறுக்கிறது?

அமெரிக்காவின் டென்வர் நகரிலுள்ள கூர்ஸ் ஃபீல்ட் பேஸ்பால் மைதானத்தில் மேல்தளத்து இருக்கைகளில் ஒரு வரிசைக்கு மட்டும் ஊதா நிறம். கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல், அதாவது சுமார் 1,609 மீட்டர் உயரத்தைக் குறிக்கும் வரிசை அது. அந்நாட்டின் உயர்மட்டத் தொடரான மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள். கொலராடோ ராக்கீஸ் அணி அதில் பாதியை இங்கேதான் ஆடுகிறது.

இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரை ஊர்களில் உள்ளதைவிட ஏறக்குறைய 18 சதவீதம் குறைவு. தடுக்கும் காற்று மெலிந்திருப்பதால், அடித்த பந்து சுமார் 5 சதவீதம் கூடுதல் தூரம் போகிறது. 1999இல் இம்மைதானத்தில் மட்டும் 303 ஹோம் ரன்கள், அதாவது வேலியைத் தாண்டிப் போன அடிகள்!

பழி முழுவதும் உயரத்துக்கல்ல. பேஸ்பாலின் நடுவே ரப்பர் போர்த்திய தக்கை, அதன்மேல் இறுக்கிச் சுற்றிய கம்பளி நூல், வெளியே 108 இரட்டைத் தையல்களோடு மாட்டுத்தோல். டென்வரின் வறண்ட காற்றில் கம்பளியும் தோலும் ஈரத்தை இழக்கின்றன. பந்து எடை குறைந்து, கெட்டியாகி, மட்டையிலிருந்து வேகமாக எகிறுகிறது. தோலும் வழுக்குவதால் பந்தை எறியும் பிட்சருக்குப் பிடி கிடைப்பதில்லை. எனவே 2002இல் பந்துகளை 50 சதவீத ஈரப்பதத்தில், 21 டிகிரி செல்சியஸில் வைக்கும் அறை ஒன்றை அமைத்தார்கள். ஹோம் ரன்கள் குறைந்தன. 2022 முதல் 30 அணிகளின் மைதானங்களிலும் இந்த ஏற்பாடு உண்டு.

ஆனால் அந்த அறை பந்தைத்தான் திருத்தும், காற்றைத் திருத்தாது. கர்வ்பால் எனும் வளைபந்து வளைவதே சுழலும் பந்து காற்றை ஒருபக்கம் தள்ளுவதால்தான். தள்ளக் காற்று குறைந்தால் வளைவும் குறையும்: கடல்மட்டத்தில் 45 செ.மீ. வளையும் பந்து இங்கே சுமார் 37 செ.மீ.தான் வளையும். மட்டையின் நடுப்பகுதிக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளி ஒருசில சென்டிமீட்டர்தான் என்பதால், ஒரு பிட்சரின் பிழைப்பையே கெடுக்க இந்த 8 செ.மீ. போதும். சுழற்சி குறைந்து, பெரும்பாலும் புவியீர்ப்பால் விழும் ஃபோர்க்பால் எனும் எறிவகைக்கு இந்த இழப்பு குறைவு. இம்மைதானத்தில் ஒரு ஹிட்டும் (மட்டையாளர் அடித்துத் தளத்தை எட்டுவது) கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் முடித்த பிட்சர் ஹிடியோ நோமோவின் (1996) பெயர்பெற்ற ஆயுதம் அதுதான்.

ஹோம் ரன்களைக் குறைக்க மைதான வேலியைத் தள்ளிவைத்ததில் இன்னொரு சிக்கல். மட்டையாளர் நிற்கும் இடத்திலிருந்து நடுவேலிக்கு 415 அடி தூரம். அவ்வளவு அகலமான புல்வெளியை மூன்று ஃபீல்டர்களால் அடைக்க முடியாமல், ஹோம் ரன் ஆகாத பந்துகளும் இடைவெளியில் விழுகின்றன.

ராக்கீஸ் மட்டையாளர்களின் பாடு வெளியூரில்தான் தெரியும். சொந்த மைதானத்தில் ஒரு வாரம் மந்தமாக வளையும் பந்துகளுக்குக் கண் பழகிவிடுகிறது. அடுத்த நாளே சான் டியாகோவின் கடலோரக் காற்றில் அதே வகைப் பந்து மட்டைக்கு அடியில் நழுவுகிறது. கண் மறுபடி பழகுவதற்குள் டென்வருக்குத் திரும்பும் நாள் வந்துவிடும்.