பார்படோஸ் போகிறீர்களா? பெட்டியில் ஒரு முழு பேன்ட் இருக்கட்டும்

போன வாரம் இரவு எட்டரை மணிக்கு, கரீபியன் தீவான பார்படோஸிலிருந்து ஒரு அழைப்பு. பேசியவர் என் வாடிக்கையாளரின் மனைவி. அன்று அவர்களுக்கு 25-வது திருமண நாள். மேற்குக் கரையில் கடலை ஒட்டிய மரத்தளத்தில் மேசை போடும் ஒரு உணவகத்தில், 3 மாதம் முன்பே இடம் பிடித்துக் கொடுத்திருந்தேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கணவர் போட்டிருந்தது ஷார்ட்ஸும் ரப்பர் செருப்பும். "அறைக்குப் போய் மாற்றிக்கொண்டு வாருங்கள், மேசையை அரை மணி நேரம் வைத்திருக்கிறோம்" என்று மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மாற்றுவதற்கு எதுவும் இல்லை. பெட்டியில் இருந்தது எல்லாமே ஷார்ட்ஸ். அந்த அம்மா அழுதுகொண்டே பேசினார்.

டொராண்டோவில் 14 வருடமாகப் பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருக்கிறேன். இந்தக் குளிர்காலத்தில் மட்டும் இப்படி வந்த நான்காவது அழைப்பு இது. நான்கு பேருக்கும் உடை விதியை எழுதி அனுப்பியிருந்தேன். நான்கு பேருமே ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "பீச்தானே, அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்?"

பார்க்கிறார்கள். தயவுசெய்து இதை நம்புங்கள்.

பார்படோஸ் மக்கள், அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது போல 'பேஜன்'கள், உடை விஷயத்தில் கண்டிப்பானவர்கள். ஞாயிறு காலை எந்த சர்ச் வாசலிலும் நின்று பாருங்கள், புரிந்துவிடும். நீச்சல் உடை கடற்கரைக்கு மட்டும்தான். அதோடு தலைநகர் பிரிட்ஜ்டவுனின் கடைத்தெருவில் நடந்தால் முகம் சுளிப்பார்கள். கடைக்குள் நுழைந்ததும் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும், அப்புறம்தான் விலை கேட்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் நல்ல உணவகம் ஒன்று மாலையில் முழு பேன்ட் கேட்பதில் என்ன வியப்பு? பணக்காரத் திமிர் என்று ஒருவர் என்னிடம் கத்தினார். அந்த வாசலில் நின்று தடுத்த பையனும் தன் வீட்டு விசேஷத்துக்கு அப்படித்தான் உடுத்திப் போவான். உங்களிடம் அவன் கேட்டது அதே மரியாதையைத்தான்.

"வெயில் தாங்காதே" என்பது அடுத்த சாக்கு. பிரிட்ஜ்டவுனும் சென்னையும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை, வடக்கே 13 டிகிரி. சென்னையில் மே மாதக் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவையிலும் முழுக்கைச் சட்டையிலும் போய் உட்காருகிறவர்கள்தானே நாம்? பார்படோஸில் பொழுது வருடம் முழுக்க ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில் சாய்ந்துவிடும். நீங்கள் சாப்பிட உட்காரும் ஏழரை மணிக்கு அங்கே வெயிலே கிடையாது. (சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும் என்று கேட்டுவிட்டு, டிசம்பரில் ஏழு மணிக்கு மேசை பிடிக்காதீர்கள். இருட்டைத்தான் பார்ப்பீர்கள்.)

குழப்பத்தின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது. உணவகங்கள் 'எலிகன்ட் கேஷுவல்', 'ரிசார்ட் எலிகன்ட்' என்று எழுதுகின்றன. நம் கண்ணில் 'கேஷுவல்' மட்டும்தான் படுகிறது. அதன் பொருள் இதுதான்: ஆண்களுக்கு முழு பேன்ட், காலர் வைத்த சட்டை, விரல் மூடிய ஷூ. லினன், பருத்தி எதுவானாலும் சரி. கோட்டும் டையும் பெரும்பாலும் தேவையில்லை. ஒருவர் பயந்துபோய்க் கம்பளி சூட் எடுத்துப்போய் வியர்வையில் குளித்ததும் உண்டு. பெண்களுக்கு நல்ல கவுன், சல்வார், புடவை எல்லாமே பொருந்தும். "புடவை கட்டலாமா?" என்று தயங்கிக் கேட்கிறவர்களுக்கு, தாராளமாகக் கட்டுங்கள். ஆனால் ஊசிக் குதிகால் செருப்பு வேண்டாம், மரப்பலகை இடுக்கில் மாட்டிக்கொள்ளும். சில இடங்களில் நன்றாகத் தைத்த ஷார்ட்ஸை ஏற்பார்கள். மதியத்தில் இன்னும் தளர்வு. ஊகிக்காதீர்கள், கேளுங்கள். குழந்தைகளோடு போனால் இரவில் எந்த வயதிலிருந்து அனுமதி என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொன்று, இது உணவகத்தோடு முடிகிற விஷயம் இல்லை. ராணுவச் சீருடை போலத் திட்டுத் திட்டாக இருக்கும் 'கேமஃப்லாஜ்' டிசைன் உடை பார்படோஸில் சட்டப்படி குற்றம். அது ராணுவத்துக்கு மட்டும் உரியது. சட்டை, தொப்பி, பை, குழந்தையின் டிரவுசர் எதுவும் விதிவிலக்கு இல்லை. ஜமைக்கா, செயின்ட் லூசியாவிலும் இதே தடை உண்டு. வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

விலைப்பட்டியலையும் கவனியுங்கள். 2 பார்படோஸ் டாலர் 1 அமெரிக்க டாலருக்குச் சமம், 1975 முதல் இதே கணக்குதான். பட்டியலில் வெறும் டாலர் குறி இருந்தால் எந்த டாலர் என்று கேட்டுவிடுங்கள். சேவைக் கட்டணம் பில்லிலேயே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு டிப்ஸ் வையுங்கள். 'டால்ஃபின்' என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம், அது மாஹி-மாஹி என்கிற மீன். சைவம் சாப்பிடுகிறவர்கள் இடம் பிடிக்கும்போதே சொல்லிவிடுங்கள். சோளமாவும் வெண்டைக்காயும் சேர்த்துக் கிளறும் 'கூ-கூ' அவர்களுடைய தேசிய உணவில் பாதி. மீதிப் பாதியான பறக்கும் மீன் குழம்பை ஊற்றாமல் கேட்டு வாங்கலாம்.

ஷார்ட்ஸிலேயே சாப்பிட ஆசையா? வெள்ளி இரவு ஆய்ஸ்டின்ஸ் என்கிற மீனவர் ஊருக்குப் போங்கள். புகையும் பாட்டுமாக, சுட்ட மீனைத் தட்டில் வைத்துத் தருவார்கள். யாரும் உங்கள் காலைப் பார்க்க மாட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

அந்தத் தம்பதி மறுநாள் பிரிட்ஜ்டவுன் பிராட் ஸ்ட்ரீட்டில் பேன்ட்டும் ஷூவும் வாங்கினார்கள். ஆனால் அது பிப்ரவரி, கூட்டம் உச்சத்தில் இருக்கும் மாதம். அவர்கள் தங்கியிருந்த மீதி 3 இரவுக்கும் அங்கே மேசை கிடைக்கவில்லை. நான் தினமும் இரண்டு முறை அழைத்துப் பார்த்தேன்.

அதனால் ஒரு வேண்டுகோள். பெட்டியை மூடும் முன், இரவு உணவுக்கு எடுத்து வைத்த உடையையும் செருப்பையும் படுக்கையில் பரப்பி ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். நடு இரவானாலும் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.